பதில் தெரிந்த கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்: ஆய்வக மென்பொருள் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருவொற்றியூரில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்குத் தண்ணீர் சாம்பிள்தான் அதிகம் வரும். மணலி ஆழ்துளைக் கிணறு, எண்ணூர் கழிமுகம், பக்கிங்காம் கால்வாய் ஓரத்து அடிபம்பு என்று கேன் கேனாக வந்து இறங்கும். முடிவுகளைத் தொகுத்து அறிக்கை போட, சில வருடங்களுக்கு முன்பு ஒரு டெஸ்க்டாப் மென்பொருள் வாங்கினோம். விற்க வந்தவர் தன் லேப்டாப்பில் காட்டிய டெமோ பிரமாதமாக இருந்தது. வரைபடங்கள் வண்ணத்தில் வந்தன, பட்டனைத் தட்டினால் அறிக்கை தயார். நாங்களும் சரி என்றோம். ஒரு மாதம் கழித்து, சாம்பிள் பதியும் தம்பி வந்து கேட்டான்: "அக்கா, நாப்பது சாம்பிள் ஏத்துனேன். கணக்குல இருபத்தாறுதான் காட்டுது. மீதி எங்க போச்சு?"

மீதிப் பதினான்கும் 'பி.டி.எல்.' என்று பதிந்தவை. கருவியால் கண்டறிய முடிந்த அளவுக்கும் கீழே இருப்பவற்றை நாங்கள் அப்படித்தான் எழுதுவோம். எண் இல்லாத கட்டம் என்று எடுத்துக்கொண்டு மென்பொருள் அவற்றைச் சத்தமில்லாமல் ஒதுக்கியிருந்தது. எச்சரிக்கை ஒன்றும் வரவில்லை. தம்பி எண்ணிப் பார்க்காவிட்டால் எங்களுக்கும் தெரிந்திருக்காது.

இது சின்ன விஷயம் இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500. பத்து சாம்பிள் வந்ததாக வைத்துக்கொள்வோம். ஆறில் 0.012, 0.009, 0.014, 0.008, 0.011, 0.012. மற்ற நான்கிலும் 0.005-க்குக் கீழே. நான்கையும் ஒதுக்கிவிட்டால் சராசரி 0.011, அதாவது வரம்புக்கு மேலே. பூஜ்ஜியமாக எடுத்தால் 0.0066, வரம்புக்குள். கண்டறியும் அளவான 0.005-இல் பாதி என்று எடுத்தால் 0.0076. அதே தண்ணீர், அதே கருவி. மென்பொருள் எந்த வழியில் போகிறது என்பதைப் பொறுத்து அந்தத் தெருத் தண்ணீரைப் பற்றி நாம் சொல்வதே மாறிவிடுகிறது. பாதி எடுப்பது வழக்கம்தான், ஆனால் அதைவிட நல்ல முறைகளைப் புள்ளியியல்காரர்கள் வைத்திருக்கிறார்கள். எந்த முறையாக இருந்தாலும், தான் என்ன செய்கிறது என்பதை மென்பொருள் திரையில் சொல்ல வேண்டும்.

ஆக, முதல் தவறு விற்பவரின் தரவில், விற்பவரின் கணினியில் டெமோ பார்த்துவிட்டு முடிவெடுப்பது. அந்தத் தரவில் வெற்றுக் கட்டம் இருக்காது, தப்பும் தவறுமாகப் பதிந்த தேதி இருக்காது. நம் தரவில் எல்லாம் இருக்கும். உங்களிடம் உள்ளதிலேயே மோசமான கோப்பை எடுத்துக்கொடுங்கள். அதன் விடையை முன்பே கையால் கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விடை தெரிந்த தரவு கைவசம் இல்லையென்றால் அளவீட்டுத் தரநிலைகளைக் கவனிக்கும் அமெரிக்க அரசின் நிஸ்ட் நிறுவனம் இதற்காகவே சில தரவுத் தொகுப்புகளை, சரிபார்த்த விடைகளோடு, இலவசமாக வெளியிட்டிருக்கிறது. எனக்குப் பிடித்தது ஒன்று: மொத்தம் 1001 எண்கள். முதல் எண் 1000000.2, அதன்பின் 1000000.1, 1000000.3 என்று மாறி மாறி வரும். சராசரி 1000000.2, திட்ட விலக்கம் சரியாக 0.1. பார்க்க எளிது. ஆனால் பெரிய எண்களின் வர்க்கங்களைக் கூட்டி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும் பழைய சூத்திரத்தில் கடைசி இலக்கங்கள் தொலைந்துபோய்விடும். 2003-க்கு முந்தைய எக்ஸெல் பதிப்புகள் இப்படிப்பட்ட சோதனைகளில்தான் சறுக்கின. நீங்கள் வாங்கப்போகும் கருவி 0.1 காட்டுகிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

தேதியும் பெயரும் அடுத்த பள்ளம். மரபணுக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 'செப்ட்1', 'மார்ச்1' போன்ற மரபணுப் பெயர்களை எக்ஸெல் தானாகவே செப்டம்பர் 1, மார்ச் 1 என்று தேதியாக்கிவிடும். எக்ஸெல் கோப்பில் மரபணுப் பட்டியல் இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016-இல் ஓர் ஆய்வு சொன்னது. 2020-இல் அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்ற வேண்டி வந்தது. நம் ஊரில் இது வேறு உருவில் வரும். 03/04 என்பது நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்க அமைப்பில் இருக்கும் மென்பொருளுக்கு மார்ச் 4. 1,00,000 என்று நாம் லட்சக் கணக்கில் கமா போட்டால், சில மென்பொருள்கள் அதை எண்ணாகவே எடுத்துக்கொள்வதில்லை. 'காசிமேடு', 'கொடுங்கையூர்' என்று சாம்பிள் பெயரைத் தமிழில் எழுதி, கமாவால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பான சி.எஸ்.வி.யாகச் சேமித்துத் திரும்பத் திறந்தால் கட்டம் கட்டமாகவோ புரியாத குறிகளாகவோ வரலாம். எங்கள் பழைய கருவி மென்பொருள் ஒன்று, கோப்புறைப் பெயர் தமிழில் இருந்தால் கோப்பைத் திறக்கவே மறுக்கும். தமிழில் பதிவு வைப்பவர்களுக்கு இது முதல் நாளிலேயே தெரிந்தாக வேண்டிய விஷயம். வாங்கிய பிறகு ஆங்கிலத்துக்கு மாறச் சொல்வது தீர்வாகாது.

எவ்வளவு தரவு தாங்கும் என்பதையும் கேளுங்கள். பழைய எக்ஸெல் கோப்பு வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகள்தான். 2020-இல் இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 16,000 கொரோனா தொற்றுகள் தினசரிக் கணக்கில் விடுபட்டதற்கு இந்த வரம்புதான் காரணமாகச் சொல்லப்பட்டது. நம் ஆய்வகத்தில் அவ்வளவு எங்கே வரப்போகிறது என்று நினைக்காதீர்கள். நொடிக்கு ஒரு அளவீடு எடுக்கும் சென்சாரை எண்ணூர் கழிமுகத்தில் மாட்டினால், 65,536 வரிசைகள் 19 மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும்.

எந்தக் கணினியில் ஓட்டிப் பார்க்கிறோம் என்பதிலும் தவறு நடக்கிறது. தலைமை விஞ்ஞானியின் புதுக் கணினியில் சோதிப்பார்கள். மென்பொருள் வாழப்போவதோ உலோக அளவைக் கண்டறியும் ஏ.ஏ.எஸ். கருவியோடு கம்பி போட்டுக் கட்டிவைத்த பழைய கணினியில். அதன் விண்டோஸ் பதிப்பை மாற்றினால் கருவியைக் கணினியோடு பேசவைக்கும் டிரைவர் மென்பொருள் வேலை செய்யாது, அதனால் யாரும் தொடுவதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. புதிய மென்பொருள் எந்த விண்டோஸ் கேட்கிறது, கருவி எந்த விண்டோஸில் நிற்கிறது, இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். கணினி மாறினால் விடையே மாறிய கதையும் உண்டு. வேதியியலாளர்கள் பல வருடமாகப் பயன்படுத்திய ஒரு பைத்தான் நிரல், கோப்புகள் ஒழுங்கான வரிசையில் வரும் என்று நம்பி எழுதப்பட்டிருந்தது. இயங்குதளத்துக்கு இயங்குதளம் அந்த வரிசை மாறும் என்பதால் ஒரே தரவுக்கு வேறு வேறு விடை வந்ததை 2019-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தினர் கண்டுபிடித்தார்கள். அதனால் இரண்டு கணினிகளில் ஓட்டி ஒப்பிடுங்கள். அப்புறம், கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் என்ன ஆகும் என்றும் ஒரு முறை வேண்டுமென்றே நிறுத்திப் பாருங்கள்.

உள்ளே போகும் வழியை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வரும் வழியைப் பார்க்காமல் விடுவது எனக்கு மிகவும் வலித்த தவறு. எங்களிடம் இருந்த ஒரு நிறமாலைக் கருவியின் மென்பொருள், தன் சொந்தக் கோப்பு வடிவத்தில் மட்டுமே சேமிக்கும். உரிமச் சாவி போன்ற யு.எஸ்.பி. டாங்கிள் செருகினால்தான் திறக்கும். டாங்கிள் பழுதானது. புதிதாகக் கேட்டபோது, அந்தப் பதிப்பை நிறுத்திவிட்டோம் என்று பதில் வந்தது. வருடக்கணக்கான அளவீடுகள் வட்டில் பத்திரமாக இருக்கின்றன, எங்களால் படிக்கத்தான் முடியவில்லை. வாங்கும் முன்பே மூல அளவீடுகளை சி.எஸ்.வி. போன்ற பொது வடிவத்தில் எடுத்து, அதை வேறொரு மென்பொருளில் திறந்து, எண்கள் எல்லா இலக்கத்தோடும் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். படம் என்றால் ஜேபெக் மட்டும் தந்தால் போதாது. அது படத்தைச் சுருக்கும்போதே தகவலை இழக்கும். தகவலை இழக்காமல் சேமிக்கக்கூடிய டிஃப் வடிவம் கேளுங்கள்.

இலவச மென்பொருள் என்றால் தரமில்லை என்று ஒதுக்குவதும் தவறு. படங்களை அளக்கும் இமேஜ்ஜே, புள்ளியியலுக்கான ஆர், நிலவரைபடத்துக்கான க்யூஜிஐஎஸ் மூன்றும் இலவசம், உலகம் முழுக்க ஆய்வுக் கட்டுரைகளில் பயன்படுகின்றன. அவற்றுக்கும் கற்றுக்கொள்ளும் நேரம் ஒரு செலவுதான், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். கிராக் செய்த பதிப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். அதோடு வைரஸ் வரலாம் என்பது ஒரு பக்கம், எந்தப் பதிப்பில் கணக்குப் போட்டோம் என்று அறிக்கையில் நேர்மையாக எழுத முடியாது என்பது இன்னொரு பக்கம்.

அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களுக்கு ஒரு வார்த்தை. "எங்க சாஃப்ட்வேர் சர்ட்டிஃபைடு மேடம்" என்று விற்பவர் சொன்னதும் நிம்மதியாகிவிடாதீர்கள். சோதனை ஆய்வகங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 தரநிலையின் 2017 பதிப்பு, கடையில் கிடைக்கும் பொது மென்பொருளை அதன் பயன்பாட்டு எல்லைக்குள் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் நாம் அதில் அமைப்புகளை மாற்றினால், மாற்றத்தைப் பயன்பாட்டுக்கு விடும் முன் சரிபார்த்துப் பதிவு செய்வது நம் பொறுப்பு.

கடைசியாக, ட்ரையல் காலம். முப்பது நாள் கொடுத்தால் பெரும்பாலும் இருபது நாள் தொடாமலே போய்விடும். கருவியை இணைத்த நாளிலிருந்து எண்ணச் சொல்லிக் கேளுங்கள். மாதக் கடைசி அறிக்கை வாரம் அதற்குள் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். சோதிப்பவர் மேலாளராக இருக்க வேண்டாம், தினமும் சாம்பிள் பதிபவர் உட்காரட்டும். எங்கள் ஆய்வகத்தில் இப்போது அந்தத் தம்பிதான் உட்காருகிறான். ஏற்றிய எண்ணிக்கையை இடது பக்கத்திலும் மென்பொருள் காட்டும் எண்ணிக்கையை வலது பக்கத்திலும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வருவான். இரண்டும் பொருந்தாத நாளில் கோட்டேஷனில் கையெழுத்து விழாது.