ட்ரெய்லர் பிரேக்குக்கு வயர் மாத்துறப்ப பண்ணக்கூடாத தப்புங்க

போன வாரம் சுங்கை சிப்புட்ல ரெண்டு தம்பிங்க மினி டிராக்டர் ஏத்துற ட்ரெய்லருக்கு எலெக்ட்ரிக் பிரேக் வயர் மாத்திட்டு இருந்தாங்க, நின்னு பாத்தேன், அந்தக் காலத்துல நான் பண்ண அதே தப்பு. ஃபியூஸ் போடணும், ஜாயிண்ட்ட நல்லா சுத்தணும்னு எல்லாருக்கும் தெரியும், அத விட்டுடறேன்.

எர்த்த (கரண்ட் திரும்பி வர்ற வழி) சேஸிஸ்லயே, அதாவது வண்டி சட்டத்துலயே விட்டுட்டு போறது

இத பாத்தா இன்னைக்கும் எனக்கு கோவம் வரும். பேட்டரியில இருந்து 6 சதுர மி.மீ. வயர் காசு குடுத்து வாங்கி பின்னாடி வரைக்கும் இழுத்துருவாங்க, திரும்பி வர்ற கரண்ட்டுக்கு மட்டும் துருப்பிடிச்ச சேஸிஸும் ட்ரெய்லர மாட்டுற உருண்டையும் (டோ பால்) போதும்னு விட்டுருவாங்க. ஒவ்வொரு வீல் பிரேக்குக்குள்ளயும் கரண்ட்டுல வேலை செய்யுற ஒரு மேக்னெட் இருக்கும், அது முழு பிரேக்குல சுமாரா 3 ஆம்பியர் இழுக்கும், நாலு வீலுக்கு 12, போன 12 ஆம்பியரும் திரும்பி வந்தே ஆகணும், தோட்டத்து செம்மண் சகதியில ஓடுற வண்டியில அந்த போல்ட்டு அடியெல்லாம் எப்படி இருக்கும்னு நெனச்சுக்கோங்க.

நானும் அப்படித்தான் செஞ்சேன். கேமரன் மலையில இருந்து சிம்பாங் பூலாய்க்கு லோடோட இறங்குறப்ப பிரேக் மெத்துனு இருந்துச்சு, கார் பிரேக்கே எல்லாத்தையும் தாங்கி வாசம் அடிக்க ஆரம்பிச்சிருச்சு, பின்னாடி என் மச்சான் வேற உக்காந்திருந்தான். வீட்டுக்கு வந்து நாலு மேக்னெட்டும் புதுசா மாத்துனேன், வெள்ளி போனதுதான் மிச்சம். கடைசியில ஒரு வயசான வயர்மேன் அண்ணன் மீட்டரோட ஒரு முனைய பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொன்ன மேக்னெட்டோட எர்த்துலயும் வச்சு பிரேக்க புடிக்க சொன்னாரு, 3 வோல்ட்டுக்கு மேல காட்டுச்சு. அந்த 3 வோல்ட் மேக்னெட்டுக்கு போகவே இல்ல, துருவுலயே தீந்துருச்சு. போற வயர் என்ன சைஸோ அதே சைஸ்ல திரும்பி வர ஒண்ணு, பேட்டரி வரைக்கும். அன்னைக்கே இழுத்தேன், அதோட சரியாச்சு.

லோடு இல்லாம வோல்ட் பாக்குறது

வயர கழட்டி வச்சு பாத்தா ஒரே ஒரு இழை ஒட்டிட்டு இருந்தாலும் மீட்டர் 12 காட்டும். மேக்னெட் மாட்டியே இருக்கணும், டிரைவர்கிட்ட இருக்கிற ட்ரெய்லர் பிரேக் கண்ட்ரோலரோட கை லீவர முழுசா தள்ளி பிரேக் புடிச்சிட்டே வீல்கிட்ட அளக்கணும். 1.5 சதுர மி.மீ. வயர்ல 8 மீட்டர் போயி 8 மீட்டர் வந்தா நாலு மேக்னெட்டுக்கு கிட்டத்தட்ட 2.5 வோல்ட் வழியிலயே போயிரும், 4 சதுர மி.மீ.ல 1 வோல்ட்டுக்கு கொஞ்சம் கம்மிதான்.

மலிவு வயர்

மேல செம்பு முலாம், உள்ள அலுமினியம். வாங்காதீங்க.

அழுத்துற கிளிப்

வயர தோலுரிக்காம அழுத்தி ஜாயிண்ட் போடுற கிளிப்புதான், நம்ம ஊரு மழைக்கு உள்ள பச்சை பூத்துரும். கிரிம்ப் பண்ணி (உலோகக் குழாய்க்குள்ள விட்டு நசுக்கி) மேல பசை வச்ச ஹீட் ஷ்ரிங்க், அதாவது சூட்டுல சுருங்குற உறை போடுங்க.

பிரேக்அவே ஸ்விட்ச்ச பார்க்கிங் பிரேக்கா வைக்கிறது

ட்ரெய்லர் கழண்டு போனா தானா பிரேக் புடிக்கத்தான் அந்த ஸ்விட்ச். நிறுத்தி வைக்க அத போட்டா பேட்டரி தீந்துரும், மேக்னெட் சூடாகும்.

ஆக்சில் குழாய்க்குள்ள வயர்

சில ட்ரெய்லர்ல ஒரு வீல்ல இருந்து இன்னொரு வீலுக்கு வயர் குழாய்க்குள்ளயே போகும், ஓட ஓட உள்ள உரசி தோல் போயி ஷார்ட் ஆகும், வெளிய இருந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது. வெளியவே ஆக்சில் மேல கிளாம்ப் போட்டு கொண்டு போங்க.

அந்த தம்பிங்ககிட்ட எர்த் வயர் வாங்க சொல்லிட்டேன், ஞாயித்துக்கிழமை நானே மீட்டர் எடுத்துட்டு போறேன்.