கீமோவோடு இம்யூனோதெரபி: பரவிய இரைப்பைப் புற்றுநோய்க்குச் சேர்த்துக் கொடுக்கும்போது

முதல் பாட்டிலைத் தொங்கவிடும் முன் பயாப்ஸி ரிப்போர்ட்டைத் திறந்து, ஹெர்-2 (புற்றுச் செல்லின் மேற்பரப்புப் புரதம்), எம்எஸ்ஐ (அல்லது எம்எம்ஆர்; டிஎன்ஏ பழுதுபார்ப்பில் குறை உண்டா என்ற சோதனை), பிடி-எல்1 சிபிஎஸ் (எதிர்ப்பாற்றலைத் தடுக்கும் புரதத்தின் அளவெண்) மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கிளாடின் 18.2-வும் (இன்னொரு மேற்பரப்புப் புரதம்) இருந்தால் நல்லது. ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் டிராஸ்டுசுமாபும் (ஹெர்-2-ஐக் குறிவைக்கும் மருந்து) கூடவே வர வேண்டும். எம்எஸ்ஐ-ஹை (பழுதுபார்ப்பில் குறை உள்ளது) என்றால் இம்யூனோதெரபிக்கு (உடலின் எதிர்ப்பாற்றலைப் புற்றின் மேல் ஏவும் மருந்துக்கு) நல்ல பலன் எதிர்பார்க்கலாம். மற்றவர்களுக்கு முடிவைத் திருப்புவது சிபிஎஸ் எண்தான். பிடி-எல்1 சாயம் ஏறிய புற்றுச் செல்கள், லிம்போசைட்டுகள், மேக்ரோபேஜ்களை (பின்னவை இரண்டும் எதிர்ப்புச் செல்கள்) கூட்டி, உயிருள்ள மொத்தப் புற்றுச் செல்களால் வகுத்து, 100-ஆல் பெருக்கினால் வருவது அது. எண்ணுவதற்குக் குறைந்தது 100 புற்றுச் செல்களாவது வேண்டும். எண்டோஸ்கோப்பியில் இரண்டு துணுக்கோடு நிறுத்திவிட்டால் இங்கேதான் இடறும். ஆறு முதல் எட்டுத் துணுக்கு எடுக்கச் சொல்லுங்கள்.

எவ்வளவு பலன்? செக்மேட் 649 ஆய்வில் சிபிஎஸ் 5 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) கீமோ மட்டும் என்றால் 11.1 மாதம், நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தும் சேர்ந்தால் 14.4 மாதம். சிபிஎஸ் 1-க்குக் கீழே இருந்தால் கூடுதல் பலன் மிகச் சொற்பம். பக்கவிளைவு மட்டும் குறையாது. அப்படிப்பட்டவருக்குக் கீமோவே போதும் என்பது நியாயமான முடிவுதான்.

கேபாக்ஸ் (கேப்சிடபினும் ஆக்சாலிபிளாட்டினும் சேர்ந்த கீமோ) முறையில் சுற்று 21 நாள். முதல் நாள் நிவோலுமாப் 360 மி.கி. (அல்லது பெம்ப்ரோலிசுமாப் 200 மி.கி.) அரை மணி நேரம் ஏறும். குழாயை அலசிவிட்டு, ஆக்சாலிபிளாட்டின் உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 130 மி.கி., இரண்டு மணி நேரம். இதை 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில்தான் கலக்க வேண்டும். சலைனில் உள்ள குளோரைடு மருந்தைச் சிதைத்துவிடும். பிறகு கேப்சிடபின் சதுர மீட்டருக்கு 1000 மி.கி., காலை மாலை, 14 நாள், சாப்பிட்ட அரை மணிக்குள். உடல் பரப்பு 1.6 என்றால் ஒரு வேளைக்கு 1600 மி.கி. வரும், நடைமுறையில் 500 மி.கி. மாத்திரை மூன்று. ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை சேர்த்து விழுங்கக் கூடாது. விழுங்கவே முடியாதவருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபால்ஃபாக்ஸும் (மாத்திரை இல்லாமல் நரம்பில் ஏற்றும் கீமோ) நிவோலுமாப் 240 மி.கி.யும் ஏற்றலாம்.

தொடங்கும் முன் தைராய்டு, காலை கார்டிசால் (அட்ரீனல் ஹார்மோன்), கல்லீரல், சிறுநீரகம், ஹெபடைடிஸ் பி பரிசோதனைகள் முடிந்திருக்க வேண்டும். டிபிஒய்டி மரபணுச் சோதனையையும் (கேப்சிடபினை உடல் சிதைக்க முடிகிறதா என்று காட்டுவது) தள்ளிப்போடாதீர்கள். அந்தக் குறை உள்ளவருக்கு முதல் சுற்றிலேயே வாய் வெந்து, வெள்ளணு சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) எடுப்பவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கேப்சிடபின் அதன் வேகத்தைக் கூட்டும்.

இந்தக் கூட்டுச் சிகிச்சையின் உண்மையான சிக்கல், ஒரே தொல்லைக்குக் கீமோவோ இம்யூனோதெரபியோ காரணமாக இருக்கலாம் என்பதுதான். வயிற்றுப்போக்கையே எடுத்துக்கொள்வோம். வழக்கத்தைவிட ஒரு நாளைக்கு நான்கு முறை கூடிவிட்டால் அன்று மாலை கேப்சிடபின் மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். கேப்சிடபின் காரணம் என்றால் சில நாளில் அடங்கும். அடங்காமல் போனாலோ, ரத்தமோ சளியோ கலந்தாலோ, மாத்திரை இல்லாத மூன்றாவது வாரத்தில் தொடங்கினாலோ இம்யூனோதெரபியால் வந்த குடல் அழற்சி என்று சந்தேகிக்க வேண்டும். இந்த நிலையில் லோபரமைடை (வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை) வீட்டிலேயே தொடர்ந்து போட்டால் போக்கு நின்றது போலத் தெரியும், உள்ளே புண் ஆழமாகும். மலப் பரிசோதனையில் கிருமியை விலக்கிவிட்டு ஸ்டீராய்டு தொடங்குவார்கள். கடுமையானால் எடைக்கு கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி. மூன்று முதல் ஐந்து நாளில் கேட்கவில்லை என்றால் இன்ஃப்ளிக்சிமாப் (அழற்சியை அடக்கும் மருந்து). ஸ்டீராய்டை நான்கு முதல் ஆறு வாரமாவது எடுத்து இறக்க வேண்டும். போக்கு நின்ற மறுநாளே நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு, திரும்பி வரும்.

கீமோவுக்கு அளவைக் குறைக்கலாம். இம்யூனோதெரபிக்கு அது கிடையாது: தள்ளிவைப்பது அல்லது நிறுத்துவது, அவ்வளவே.

சோர்வும் அப்படித்தான். "கீமோ போட்டா அப்படித்தான் இருக்கும்" என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் சோர்வோடு தலைவலி, தாழ் ரத்த அழுத்தம், குறைந்த சோடியம் சேர்ந்தால் பிட்யூட்டரி சுரப்பியோ அட்ரீனல் சுரப்பியோ அடிபட்டிருக்கலாம். ஸ்டீராய்டு கொடுக்கும் முன்பே கார்டிசாலுக்கு ரத்தம் எடுத்துவிடுங்கள். வறட்டு இருமலும் மூச்சிரைப்பும், நெஞ்சுவலி, கண் இமை தொங்குவது: இவற்றுக்கு அன்றே போக வேண்டும்.

ஆக்சாலிபிளாட்டினின் குளிர் கூச்சம் வேறு ரகம். ஏற்றிய சில நாட்களுக்குக் குளிர்ந்த நீரோ ஃபிரிட்ஜ் கதவோ தொட்டால் விரல் சுருக்கென்று குத்தும். தொண்டை இறுகுவது போலவும் இருக்கும். ஆபத்தில்லை. அடுத்த சுற்று வரும்வரை மரமரப்பு போகவில்லை என்றாலோ, சட்டைப் பொத்தான் போடத் தடுமாறினாலோ ஆக்சாலிபிளாட்டினை மட்டும் கழற்றிவிட்டு மற்றவற்றைத் தொடரலாம். அதைச் சொல்லாமல் பொறுத்துக்கொள்பவருக்கு நரம்புச் சேதம் நிரந்தரமாகிவிடக்கூடும்.

இம்யூனோதெரபி அதிகபட்சம் இரண்டு ஆண்டு. நிறுத்திய பல மாதங்களுக்குப் பின்பும் அதன் பக்கவிளைவு வரலாம் என்பதால், மருந்தின் பெயரும் கடைசியாக ஏற்றிய தேதியும் எழுதிய அட்டையைப் பர்ஸிலேயே வைத்திருங்கள். எந்த அவசரப் பிரிவுக்குப் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.