சமூக உளவியலில் அரியர் வைத்தவள் சொல்லும் படிப்பு வழி

இளநிலை உளவியல் படித்த மூன்று ஆண்டுகளில் நான் அரியர் வைத்தது ஒரே ஒரு தாளில்தான். புள்ளியியலில் இல்லை, நரம்பு மண்டலத்தைப் பற்றிய தாளிலும் இல்லை. வகுப்பே சிரித்துக்கொண்டு படித்த சமூக உளவியலில். 75க்கு 30 எடுத்தால் தேர்ச்சி, எனக்கு வந்தது 27. இப்போது திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளியில் மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். அக்கா மகள் இந்த ஆண்டு அதே படிப்பில் சேர்ந்திருக்கிறாள். “சித்தி, இந்தப் பாடம் மட்டும் கதை மாதிரி இருக்கிறது, கடைசி வாரம் பார்த்துக்கொள்ளலாம்” என்றாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கணக்கில் தெரியாதது தெரியாது என்று முகத்தில் அடித்தாற்போல் தெரிந்துவிடும். இங்கே அப்படி இல்லை. ‘கூட்டம் இருந்தால் ஆளாளுக்குப் பொறுப்பு குறைகிறது’ என்று படித்தால், தெரிந்ததுதானே என்று மனம் தலையாட்டும். ‘கூட்டம் இருந்தால் உதவி சீக்கிரம் கிடைக்கிறது’ என்று அச்சடித்திருந்தாலும் அதே தலையாட்டல்தான். நம் பழமொழிகளே இரண்டு பக்கமும் பேசுபவை: கூடி வாழ்ந்தால் கோடி நன்மை, தன் கையே தனக்கு உதவி. எந்த நிலையில் எது நடக்கும் என்று பிரித்துச் சொல்வதுதான் இந்தத் துறையின் வேலை.

ஆகவே முதல் வேலை, முடிவைப் பார்க்காமல் படிப்பது. புத்தகத்தில் ஒரு சோதனை வந்தால், என்ன செய்தார்கள் என்பது வரை படியுங்கள். அடுத்த பத்தியைக் கையால் மறையுங்கள். ஒரு சின்ன அட்டையில் உங்கள் ஊகத்தைப் பென்சிலால் எண்ணாக எழுதுங்கள். பிறகு கையை எடுங்கள். அமெரிக்க உளவியலாளர் மில்கிராம் 1963இல் வெளியிட்ட சோதனையில், ஆய்வாளர் சொல்கிறார் என்பதற்காக 40 பேரில் எத்தனை பேர் இன்னொரு மனிதருக்கு 450 வோல்ட் வரை மின்அதிர்ச்சி கொடுப்பார்கள்? (உண்மையில் மின்சாரம் பாயவில்லை, கொடுத்தவர்களுக்கு அது தெரியாது.) இரண்டாம் முறை படித்தபோது நான் எழுதிய எண் 3. மில்கிராம் கேட்ட மனநல மருத்துவர்களோ ஆயிரத்தில் ஒருவர்தான் அப்படிப் போவார் என்றார்கள். போனவர்கள் 26 பேர். தவறாக ஊகித்தது மறக்காது. தலையாட்டிப் படித்தது மறுநாள் காலையில் போய்விடும்.

அடுத்தது, ஒவ்வொரு சோதனையையும் நான்கு கேள்விகளாக உடைப்பது. யாரை வைத்துச் செய்தார்கள்? எதை மாற்றினார்கள்? எதை அளந்தார்கள்? எதோடு ஒப்பிட்டார்கள்? நான் தோற்றது நான்காவது கேள்வியில்தான். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் விடுதியில் இரவு பத்து மணிக்கு மோட்டார் போடுவார்கள். தொட்டி நிறைந்து மொட்டை மாடியிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் எல்லா அறைக்கும் கேட்கும். இருபது நிமிடம் கொட்டினாலும் யாரும் எழுந்திருக்க மாட்டோம். யாராவது போவார்கள் என்று ஒவ்வொருத்தியும் போர்வையை இழுத்துக்கொள்வோம். இன்டர்னல் தேர்வில் ‘உதவும் நடத்தை’ பற்றிய பத்து மதிப்பெண் கேள்விக்கு இந்த மோட்டார் கதையை ஒன்றரைப் பக்கம் எழுதினேன். பேராசிரியை சிவப்பு மையில் இரண்டே சொல் எழுதியிருந்தார்: ‘ஒப்பீடு எங்கே?’ மதிப்பெண் இரண்டு. அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது, புத்தி வரவில்லை.

புத்தி வந்தது பொங்கல் விடுமுறையில். ரயில் டிக்கெட் கிடைக்காமல் எங்கள் மாடியில் நான் மட்டும் தங்கியிருந்தேன். தண்ணீர் கொட்டத் தொடங்கிய உடனே செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினேன். திரும்பி வரும்போது படிக்கட்டில் அப்படியே நின்றுவிட்டேன். அதே சத்தம், அதே நான். மாறியது ஒன்றே ஒன்று, கேட்கும் ஆட்களின் எண்ணிக்கை. டார்லி, லட்டானே என்ற இரண்டு உளவியலாளர்கள் 1968இல் செய்தது இதைத்தான். நியூயார்க்கில் மாணவர்களைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து ஒலிபெருக்கி வழியாகப் பேசவிட்டார்கள். பேசிக்கொண்டிருந்த ஒரு குரலுக்கு வலிப்பு வருவதுபோல் கேட்கும். அது முன்பே பதிவு செய்த குரல். தான் மட்டுமே கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர், வலிப்பு ஓய்வதற்குள் உதவி தேடினார்கள். இன்னொருவரும் கேட்கிறார் என்று நினைத்தபோது 62. இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்றபோது 31. இந்த மூன்று எண்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால்தான் அது விடை. ஒன்றை மட்டும் எழுதினால் அது என் மோட்டார் கதைதான்.

என் பொங்கல் அனுபவமும் ஆதாரம் ஆகாது என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். விடுமுறையில் எனக்குத் தூக்கம் வராமல் இருந்திருக்கலாம், பயமாக இருந்திருக்கலாம். யார் தனியாக இருப்பது, யார் கூட்டத்தில் இருப்பது என்பதைக் குலுக்கல்போல் ஒதுக்கினால்தான் அந்தச் சந்தேகம் தீரும். சொந்த அனுபவம் பாடம் மனதில் நிற்க உதவும். விடைத்தாளில் அது ஒரு வரிக்கு மேல் போகக் கூடாது.

சொற்களைப் பற்றி. நான் பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவள். கன்ஃபார்மிட்டி, கம்ப்ளையன்ஸ், ஒபீடியன்ஸ் மூன்றையும் ‘பணிவது’ என்று ஒரே சொல்லாக மனதில் வைத்திருந்தேன். அகராதி உதவவில்லை, கல்யாண வீடு உதவியது. பந்தியில் பக்கத்து இலைக்காரர் சாம்பாரை முடித்து ரசத்துக்குப் போகிறார் என்று நாமும் அவசரமாக முடிக்கிறோமே, யாரும் கேட்காமல், அது முதலாவது. “கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்” என்று ஒருவர் கேட்டு நாம் தள்ளினால் இரண்டாவது. தாய்மாமன் அதட்டி, பாதிச் சாப்பாட்டில் எழுந்து பரிமாறப் போனால் மூன்றாவது. ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் இப்படி உங்கள் வீட்டிலிருந்து ஒரு காட்சி பிடித்துவையுங்கள்.

பாடப்புத்தகம் பெரும்பாலும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களைப் பற்றியது. அதைக் குறையாகச் சொல்லிவிட்டு நிற்காமல், விடையில் பயன்படுத்துங்கள். ஜோன் மில்லர் 1984இல் சிகாகோவையும் மைசூரையும் ஒப்பிட்டார். ஒருவர் செய்த காரியத்துக்கு, வளர்ந்த அமெரிக்கர்கள் ‘அவர் குணம் அப்படி’ என்று காரணம் சொன்ன அளவுக்கு மைசூர்க்காரர்கள் சொல்லவில்லை, சூழ்நிலையைச் சொன்னார்கள். சின்னக் குழந்தைகளிடம் அந்த வேறுபாடு அவ்வளவாக இல்லை, வயதோடு வளர்கிறது. மனதில் இருப்பவை ஒன்றோடொன்று முட்டினால் அந்தச் சங்கடத்தைக் குறைக்கப் பார்ப்போம் என்கிறது லியோன் ஃபெஸ்டிங்கரின் அறிதல் முரண்பாட்டுக் கொள்கை. அதற்கு முதல் பொறியே பீகாரிலிருந்து போனது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1934 நிலநடுக்கத்தில் அதிர்வை மட்டும் உணர்ந்து சேதம் எதுவும் காணாத ஊர்களில், இதைவிடப் பெரிய அழிவு வரப்போகிறது என்று வதந்தி பரவியது. பயம் வந்துவிட்டது, அதற்குக் காரணம் கண்ணில் படவில்லை. ஆகவே காரணத்தை உண்டாக்கிக்கொண்டார்கள் என்று அவர் யோசித்தார்.

பழைய பதிப்புப் புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1964இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் கொல்லப்பட்டதை 38 பேர் வேடிக்கை பார்த்தார்கள் என்பது அன்றைய செய்தித்தாள் சொன்னது. அந்த எண்ணுக்கு ஆதாரம் இல்லை என்று 2007இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். 1971இல் ஸ்டான்ஃபோர்டில் மாணவர்களையே காவலர்களாகவும் கைதிகளாகவும் வைத்து நடந்த போலிச் சிறைச் சோதனையில், கடுமையாக நடந்துகொள்ளும்படி காவலர்கள் தூண்டப்பட்டார்கள் என்பதும் பின்னால் வெளிவந்தது. இதை ஒரு வரி சேர்த்தால் விடைக்கு எடை கூடும். அதற்காக எல்லாமே பொய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எனக்குத் தெரிந்த சில கெட்டிக்காரர்கள் அப்படி முடிவுகட்டிப் படிப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

சேர்ந்து படிப்பதா, தனியாகவா? இதற்குப் பாடத்திலேயே விடை இருக்கிறது. பக்கத்தில் ஆள் இருந்தால் பழகிய வேலை நன்றாக வரும், பழகாத வேலை சொதப்பும் என்று ராபர்ட் ஸாயன்ஸ் 1965இல் சொன்னார். (ஆங்கிலத்தில் Zajonc என்று எழுதும் அந்தப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து வாய்மொழித் தேர்வில் மானம் போனவள் நான்.) புதிய அத்தியாயத்தைத் தனியாகப் படியுங்கள். படித்து முடித்ததைத் தோழிகள் முன்னால் சொல்லிப் பாருங்கள். நாங்கள் நேர்மாறாகச் செய்தோம்.

ஒப்படைப்புக்கு ஏதாவது செய்யச் சொன்னால் யாரையும் ஏமாற்றும் சோதனையில் இறங்காதீர்கள். என் வகுப்புத் தோழி பேருந்து நிலையத்தில் மயங்கி விழுவதுபோல் நடிக்கப் போகிறேன் என்றாள். நல்லவேளை, பேராசிரியை தடுத்துவிட்டார். நான் நெரிசலான பஸ்ஸில் டிக்கெட் காசு கைமாறிக் கைமாறி நடத்துநரிடம் போய், சீட்டும் சில்லறையும் அதே வழியாகத் திரும்பி வருவதைப் பத்து நாள் எண்ணிக் குறித்தேன். எத்தனை கை மாறியது, யாராவது வாங்க மறுத்தார்களா, அவ்வளவுதான். பெயர் எதுவும் எழுதவில்லை.

அக்கா மகளுக்கு முதல் அட்டையை நானே கொடுத்தேன். 1950களில் சாலமன் ஆஷ் செய்த கோடுகள் சோதனை: ஒரு கோட்டுக்குச் சமமான நீளமுள்ள கோட்டை மூன்றில் காட்ட வேண்டும். கூட இருக்கும் எல்லோரும் வேண்டுமென்றே தவறான கோட்டைக் காட்டும்போது, நூறு விடைகளில் எத்தனை அவர்களோடு ஒத்துப்போகும்? யோசித்து 5 என்று எழுதினாள். ஏறத்தாழ 37 என்றதும் அட்டையைக் கிழிக்கப் போனாள். வாங்கிவைத்துக்கொண்டு அடுத்த பத்தியைக் காட்டினேன். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னால் போதும், தவறு ஏறத்தாழ 5க்கு இறங்கிவிடுகிறது. அந்த அட்டையை அவள் நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள்.