ஸ்டார்ட்டர் போர்டு அசெம்ப்ளியில் பிட் எண்கள்: பழைய டூல்செயினிலும் ஓட வைப்பது எப்படி

மன்னார்குடி பக்கம் மோட்டார் கொட்டகைக்கு ஏவிஆர் (ஒரு வகை மைக்ரோகண்ட்ரோலர்) சிப் வைத்து ஸ்டார்ட்டர் போர்டு செய்கிறீர்கள், கடையில் இருப்பதோ பழைய கம்ப்யூட்டர், அதில் அதைவிடப் பழைய அசெம்ப்ளர் (அசெம்ப்ளி கோடை மெஷின் கோடாக மாற்றும் புரோகிராம்) என்று வைத்துக்கொள்வோம். ரிலே 3-வது பிட்டில், ஃபேஸ் போனதைச் சொல்லும் இன்புட் 5-வது பிட்டில். இந்த 3, 5 இரண்டையும் ஒரே ஒரு ஹெட்டர் ஃபைலில் (மற்ற கோடு ஃபைல்கள் சேர்த்துப் படிக்கும் பொது ஃபைல்) மட்டும் எழுதுங்கள். அந்தந்த பிட் மட்டும் 1-ஆக இருக்கும் 8, 32 என்ற எண்களை, அதாவது மாஸ்க்குகளைக் கையால் எழுதாதீர்கள், (1 << 3) என்று கொடுத்தால், அதாவது 1-ஐ மூன்று இடம் இடப்பக்கம் தள்ளச் சொன்னால் (ஷிஃப்ட்), அசெம்ப்ளரே கணக்குப் போட்டுக்கொள்ளும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், ஏவிஆரில் பிட்டை அணைக்க சிபிஐ, சிபிஆர் என்று இரண்டு கட்டளைகள். சிபிஐ கேட்பது பிட் எண், சிபிஆர் கேட்பது மாஸ்க். பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். சிபிஆருக்கு 3 என்று கொடுத்தால் அசெம்ப்ளர் வாயே திறக்காது. 0, 1 ஆகிய பிட்டுகள் அணையும், 3-வது பிட் அப்படியே நிற்கும். ஃபேஸ் போன பிறகும் ரிலே விடவில்லை என்றால் மோட்டார் காயில் கருகிவிடும், குறுவை நடவு நேரத்தில் ரீவைண்டிங் கடையில் யார் போய்க் காத்திருப்பது?

அதே ஹெட்டரை சி கோடும் படிக்கிறதா? அப்படியானால் 1-க்குப் பின்னால் யூஎல் (சி-யில் 'அன்சைன்ட் லாங்' வகை எண் என்று காட்டும் எழுத்துகள்) ஒட்டாதீர்கள், பழைய ஜிஎன்யூ (இலவச மென்பொருள் திட்டம்) அசெம்ப்ளர் அதைப் பார்த்ததும் எரர் கொடுத்து நின்றுவிடும். லினக்ஸ் கெர்னலில் இதற்கென்றே ஒரு மேக்ரோ (கோடில் வேறு எழுத்தாக விரியும் சுருக்கப்பெயர்) உண்டு: சி என்றால் யூஎல் சேர்க்கும், அசெம்ப்ளி என்றால் வெறும் எண்ணை மட்டும் விடும். நீங்களும் அப்படியே செய்யலாம். அசெம்ப்ளி ஃபைலை ப்ரீபிராசஸ் செய்யும்போது (அசெம்பிள் செய்வதற்கு முன் மேக்ரோக்களை விரிக்கும்போது) ஜிசிசி கம்பைலர் தானாகவே ஓர் அடையாளத்தை டிஃபைன் செய்கிறது, அதை இஃப்டெஃப் ('இது டிஃபைன் ஆகியிருந்தால்' என்ற நிபந்தனை) போட்டுச் சோதித்தால் போதும். ஃபைல் பெயர் பெரிய எஸ் எழுத்தில் முடிய வேண்டும், சின்ன எஸ் என்றால் ப்ரீபிராசசரே ஓடாது.

அப்புறம் அடைப்புக்குறி. சி மொழியில் 1 << 3 + 1 என்பது 16. ஜிஎன்யூ அசெம்ப்ளரில் கூட்டலைவிட ஷிஃப்ட்டுக்குத்தான் முன்னுரிமை, அதனால் விடை 9! எல்லாவற்றுக்கும் அடைப்புக்குறி போடுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம்.

8051 என்ற பழைய மைக்ரோகண்ட்ரோலர் பழக்கத்தில் பைனரி எண்ணின் கடைசியில் பி போடுபவர்களுக்கு இன்னொரு வம்பு இருக்கிறது. ஜிஎன்யூவில் 1-க்குப் பின் பி வந்தால் 'மேலே முன்பே வந்த 1 என்ற லேபிள்' என்று பொருள். ஹெக்ஸுக்கு (16 அடிமான எண்ணுக்கு) டாலர் குறி போடுவதும் ஏவிஆரை உருவாக்கிய அட்மெல் கம்பெனியின் அசெம்ப்ளரில் சரி, ஜிஎன்யூவின் ஏவிஆர் அசெம்ப்ளரிலோ டாலர் வரியையே இரண்டாக வெட்டிவிடும். ஷிஃப்ட் மட்டுமே எழுதினால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

எல்லாம் முடிந்ததும் ஒரே கோடைப் பழைய மெஷினிலும் புதியதிலும் அசெம்பிள் செய்து, ஆப்ஜெக்ட் டம்ப் (மெஷின் கோடைத் திரும்ப அசெம்ப்ளியாகக் காட்டும் பட்டியல்) எடுத்து, சிபிஆர் வரிகளை மட்டுமாவது ஒப்பிட்டுப் பாருங்கள். டம்ப்பில் அது ஏஎன்டிஐ என்ற வேறு கட்டளையாகத் தெரியும், 8 என்ற மாஸ்க்கும் பிட்டுகள் தலைகீழாகி 247 என்றுதான் வரும், பதற வேண்டாம்.