வடசென்னையில இருந்துக்கிட்டே வானிலையை மைனரா படிக்கிறது எப்படி

மெயின் பிசிக்ஸோ சிவிலோ கம்ப்யூட்டரோ எதுவா வேணா இருக்கட்டும், வானிலை, காலநிலைய மைனரா (மெயினோட சேத்து படிக்கிற துணைப் பாடமா) எடுக்கலாமான்னு யோசிக்கிற தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பசங்க தாராளமா எடுங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப எண்ணூர்ல வெள்ளத்தோட எண்ணெயும் சேர்ந்து வீட்டுக்குள்ள வந்துச்சே, இதெல்லாம் புரிஞ்சு பேசுற ஆளுங்க நம்ம தெருவுலருந்து வரணும்.

முதல்ல சிலபஸ் பாருங்க. அண்ணா யுனிவர்சிட்டி 2021 ரெகுலேஷன்ல மைனருக்கு கூடுதலா 18 கிரெடிட் முடிக்கணும். உங்க காலேஜ்ல வானிலைன்னு தனியா இல்லன்னா சுற்றுச்சூழல் மைனர் எடுத்துட்டு மீதிய என்பிடெல்ல (ஐஐடிங்க நடத்துற ஆன்லைன் கோர்ஸ்) படிங்க, அந்த கிரெடிட்ட ஏத்துப்பாங்களான்னு உங்க துறைத் தலைவர்கிட்ட (எச்ஓடி) முன்னாடியே கேட்டுடுங்க. கால்குலஸ், தெர்மோடைனமிக்ஸ், கொஞ்சம் பைத்தான் கோடிங், இது மூணும் இல்லாம நகர முடியாது.

ஆனா புக்கை மட்டும் வச்சு படிச்சா மண்டைல ஏறாது, மழைய நீங்களே அளக்கணும். வாயும் அடியும் ஒரே அகலமா இருக்குற டப்பாவ மொட்டை மாடில செவுத்த விட்டு தள்ளி வச்சு, டெய்லி காலைல 8.30க்கு ஸ்கேல் விட்டு பாத்து நோட்ல எழுதுங்க, வானிலை மையத்துக்கும் ஒரு நாள்னா 8.30லருந்து 8.30 தான். 64.5 மிமீ தொட்டா கனமழை, 115.6 தொட்டா மிக கனமழை, 204.4 தாண்டினா அதி கனமழை. அப்புறம் வானிலை மையத்தோட நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் மழைக் கணக்கோட ஒப்பிட்டு பாருங்க. ராயபுரத்துல ஊத்தியிருக்கும், மீனம்பாக்கத்துல வெறும் தூறலா இருக்கும், ஏன்னு துறைமுகத்துல இருக்குற, மழை மேகத்த காட்டுற டாப்ளர் ரேடார் படத்துல மேகம் எந்தப் பக்கம் போச்சுன்னு தேடுங்க, அங்கதான் நிஜமான பாடமே ஆரம்பிக்குது.

அடுத்தது பலூன் டேட்டா, அதாவது கருவிய கட்டி மேல விட்டு ஒவ்வொரு உயரத்துலயும் வெப்பம், ஈரம் அளக்குறது. மீனம்பாக்கத்துல தினமும் காலைலயும் சாயங்காலமும் விடுறாங்க, வயோமிங் யுனிவர்சிட்டி சைட்ல மீனம்பாக்கத்தோட நிலைய எண் 43279ன்னு போட்டா வந்துடும். வெப்பநிலை கோடும் பனிநிலை (காத்துல இருக்குற ஈரம் நீரா மாற ஆரம்பிக்கிற வெப்பநிலை, ட்யூ பாயின்ட்) கோடும் ஒட்டி ஒட்டி போனா அந்த உயரத்துல ஈரம் ஜாஸ்தி, விலகி போனா காஞ்ச காத்து.

காசிமேட்டுல பெரியவங்ககிட்ட வாடை (வடக்கு காத்து), கொண்டல் (கிழக்கு காத்து) எப்ப திரும்பும்னு கேட்டு தேதியோட குறிச்சு வைங்க, அனுபவமும் டேட்டாதான்.

ப்ராஜெக்ட்டுக்கு மே மாச கடல்காத்த எடுங்க. மேல்காத்து (மேற்குலருந்து வர்ற காத்து) பலமா இருக்குற அன்னிக்கு கடல்காத்து லேட்டாகும், வெயில் ஏறிக்கிட்டே போகும். எண்ணூர்ல எத்தன மணிக்கு காத்து திரும்புது, வியாசர்பாடிக்கு எப்ப வருது, அந்த இடைவெளிய அளந்தாலே நல்ல ப்ராஜெக்ட்.