சொரசொரப்பான தோலில் தையல் கோணிப் போவது ஏன்? குறி போடும்போதே நடக்கும் தவறுகள்

போன தைப்பூசத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது அக்கா மகன் ஒரு வேலையைக் கொண்டுவந்தான். அவன் இங்கே பினாங்கில் ஓர் உறுமி மேளக் குழுவில் அடிக்கிறான். "மாமா, இந்த வாரு தோள்ல நிக்கவே மாட்டேங்குது, வேர்த்தா வழுக்குது. சொரசொரப்பு வெளியே தெரியுற மாதிரி தோள்பட்டைக்கு ஒண்ணு தைச்சுக் குடுங்க" என்றான். தண்ணீர்மலை முருகன் கோயில் கூட்டத்தில் மணிக்கணக்கில் மேளத்தைச் சுமக்கிறவனுக்கு அது நியாயமான ஆசைதான். 3 மில்லிமீட்டர் எருமைத் தோல் இரண்டு துண்டு எடுத்து, வழவழப்பான பக்கங்களைத் தேய்த்துப் பசை போட்டு ஒட்டினேன். துளை குத்த, ஸ்கேலும் பால்பாயின்ட் பேனாவும் வைத்து 5 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி. இரண்டு நாள் தைத்தேன்.

முடிந்தபிறகு எண்ணிப் பார்த்தால் ஓர் ஓரத்தில் 61 துளை, எதிர் ஓரத்தில் 58. நீளம் என்னவோ இரண்டுக்கும் ஒரே 30 சென்டிமீட்டர்தான். தையல் தொடக்கத்தில் அரிசிமணி மாதிரி ஒழுங்காக இருந்தது, போகப்போக ஆளுக்கொரு பக்கம் பார்த்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை, வாங்கிக்கொண்டு போனான். அதுதான் கஷ்டமாக இருந்தது.

கை சரியில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால் கை போட்ட தையலில் குற்றம் இல்லை, துளை இருந்த இடத்துக்குத்தான் நூல் போயிருக்கிறது. எல்லாத் தவறும் ஊசி எடுக்கும் முன்பே நடந்து முடிந்திருந்தது.

ஓரத்தை நம்புவது

பெரும்பாலானவர்கள் இதில்தான் சறுக்குகிறோம். தையல் கோடு போட டிவைடரின் (காம்பஸ் மாதிரி இருக்கும், இரண்டு காலிலும் ஊசிமுனை) ஒரு காலை ஓரத்தில் உரசவிட்டு, மறுகாலால் கீறிக்கொண்டு போவோம். வழவழப்பான, நன்றாக வெட்டிய தோலில் இது அருமையான முறை. ஆனால் சொரசொரப்பான தோலில் ஓரம் என்று ஒன்று தெளிவாக இருக்காது. நார் துருத்திக்கொண்டு நிற்கும், கத்தி போன இடம் மேலும் கீழும் அலைந்திருக்கும். ஓரம் எப்படி வளைகிறதோ அப்படியே கோடும் வளையும். கோடு வளைந்தால் அதன் நீளமும் கூடும், அப்புறம் இரண்டு ஓரத்துக்கும் துளைக் கணக்கு எப்படி ஒத்துப்போகும்?

ஆகவே முதலில் ஒட்டு, பிறகு வெட்டு, அதன்பிறகே குறி. இரண்டு துண்டையும் ஒட்டிக் காய்ந்தபின், இரும்பு ஸ்கேலை வைத்து இரண்டு மில்லிமீட்டரை ஒரே இழுப்பில் சீவி எறிந்துவிடுங்கள். இதற்காகவே துண்டை வெட்டும்போது கொஞ்சம் அகலமாக வெட்டிக்கொள்ள வேண்டும். தனித்தனியாக அளவாக வெட்டி ஒட்டினால் ஓரம் ஒட்டுவதற்குள் நகர்ந்திருக்கும்.

பேனா, சாக், சவர்க்காரம்

பால்பாயின்ட் மை சொரசொரப்பான பக்கத்தில் காகிதத்தில் பட்ட எண்ணெய் மாதிரி பரவும், போகவே போகாது. வெள்ளிநிற ஜெல் பேனாவும் அப்படித்தான். பளபளப்பான தோலில் விரலால் துடைத்தால் போய்விடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு இங்கே போட்டால், நாருக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். தையல்காரர் சாக்கால் கோடு போட்டால் கோடே 2 மில்லிமீட்டர் அகலம் வரும். 5 மில்லிமீட்டர் இடைவெளி வைக்கும் வேலையில் 2 மில்லிமீட்டர் அகலக் கோடு எதற்கு ஆகும்? காய்ந்து மெலிந்த குளியல் சவர்க்காரத் துண்டின் ஓரம் பரவாயில்லை, மெல்லிய கோடு விழும், தைத்தபின் பிரஷ்ஷால் தட்டினால் உதிரும். ஆனால் அது கோட்டுக்கு மட்டும்தான், புள்ளிக்கு உதவாது.

புள்ளிக்கு நான் இப்போது மறைப்பு டேப்பைத்தான் நம்புகிறேன், பெயின்ட் அடிக்கிறவர்கள் சுவரோரம் ஒட்டுவார்களே அது. தையல் வரும் இடம் முழுக்க அதை ஒட்டிவிட்டால் சொரசொரப்பின் மேல் ஒரு காகிதத் தரை கிடைக்கும். பென்சிலால் கோடு, புள்ளி எல்லாம் அதன்மேல் போட்டு, டேப்போடு சேர்த்தே குத்தூசியால் குத்திவிட்டு, பிறகு உரித்துவிடலாம். இதிலும் மூன்று தவறு செய்து பார்த்துவிட்டேன். ஒட்டும் முன் டேப்பைச் சட்டையில் இரண்டு தடவை ஒட்டி எடுத்துப் பசையைக் குறைக்காவிட்டால், உரிக்கும்போது நாரும் கூடவே வரும். தைத்தபிறகு உரிக்கலாம் என்று விட்டால், நூலுக்கு அடியில் மாட்டிய துணுக்குகளைச் சாமணத்தால் பொறுக்க வேண்டிவரும். மூன்றாவது, நம்ம ஊர் வெக்கையில் ராத்திரி முழுக்க விட்டுவைத்தால் காலையில் பசை மட்டும் தோலில் தங்கிவிடுகிறது. குறித்த அன்றைக்கே குத்தி, அன்றைக்கே உரித்துவிடுங்கள்.

ஈரத்துணியால் துடைத்துவிட்டு அழுத்தினால் குறி நிற்கும் என்பார்கள். மரப்பட்டையால் பதனிட்ட தோலுக்கு இது உண்மை. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்த பழையமுறைத் தோல் இருந்தால் தைரியமாகச் செய்யலாம். குரோமில், அதாவது குரோமிய உப்பில், பதனிட்ட தோலில் அழுத்திய குறி கொஞ்ச நேரத்தில் எழும்பிவிடும். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். நடுவில் நீலமோ சாம்பலோ தெரிந்தால் பெரும்பாலும் குரோம்தான். ஈரமாக்கியதை நன்றாகக் காயவிடாமல் அலமாரியில் வைத்தால் என்ன ஆகும் என்று பினாங்கில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஒரு வாரத்தில் பூசணம் பூத்திருக்கும்.

முள்கரண்டிப் பரிசோதனை

லோரோங் கூலிட் பழஞ்சாமான் சந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போகிற பழக்கம் எனக்குண்டு. கூலிட் என்றால் மலாயில் தோல். தோலுக்குச் சாமான் தேட இதைவிடப் பொருத்தமான தெரு உண்டா? அங்கே துருப்பிடித்த டிவைடர் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற செருப்பு தைக்கும் பெரியவர் ஒருவர் சிரித்தார். "எதுக்கு தம்பி இது? வீட்ல முள்கரண்டி இல்லையா?" என்றார்.

கேலி என்று நினைத்தேன். இல்லை. கடைகளில் தையல் உளி என்று விற்பார்களே, வரிசையாகப் பல் வைத்து, சுத்தியலால் தட்டிக் குறி போடுவது, அதன் வேலையை முள்கரண்டியும் செய்யும். முதல் அழுத்தில் நான்கு குறி விழும். அடுத்த அழுத்தில் முதல் பல்லைப் போன தடவையின் கடைசிக் குறிக்குள்ளேயே வைக்க வேண்டும். இதுதான் உயிர். அப்படி வைக்காமல் குறிக்குப் பக்கத்தில் கண்மதிப்பாக வைத்தால், நான்கு தையலுக்கு ஒரு தடவை ஒரு பல் விழுந்த வாய் மாதிரி இடைவெளி தெரியும்.

ஆனால் கரண்டியோ உளியோ, எதுவானாலும் முதலில் சோதியுங்கள். ஒரு காகிதத்தில் அழுத்துங்கள். பிறகு கரண்டியை இடவலமாகத் திருப்பி, அதே குறிகளின் மேல் மறுபடி வையுங்கள். பற்கள் குறிகளுக்குள் இறங்கினால் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே அளவு என்று அர்த்தம். இறங்காவிட்டால் ஏதோ ஒரு பல் வளைந்திருக்கிறது, அந்தக் கோணல் உங்கள் தையலில் மூன்றுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும். என் வீட்டில் எட்டுக் கரண்டி சோதித்ததில் இரண்டுதான் தேறியது. மனைவி அவற்றை இப்போது சாப்பாட்டு மேசைக்கு விடுவதில்லை.

உளி வாங்குகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சிலதில் மில்லிமீட்டர் போட்டிருக்கும், சிலதில் அங்குலத்துக்கு எத்தனை என்று போட்டிருக்கும். அங்குலத்துக்கு 6 என்றால் இடைவெளி 4.23 மில்லிமீட்டர். "4 மில்லிமீட்டர்தானே, கிட்டத்தட்ட ஒண்ணுதான்" என்று மேல்துண்டை ஒன்றாலும் கீழ்த்துண்டை மற்றதாலும் குறித்தால், 30 சென்டிமீட்டரில் ஒன்று 75 இடைவெளி வரும், மற்றது 71கூட முழுசாக வராது.

அளந்துகொண்டே போவது

என் 61க்கும் 58க்கும் முக்கியக் காரணம் இதுதான். டிவைடரை 5 மில்லிமீட்டருக்கு வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்கவிட்டால் சரியாகத்தானே வர வேண்டும் என்று தோன்றும். ஆனால் சொரசொரப்பில் ஊசிமுனை நாரில் வழுக்கி, ஒவ்வோர் அடிக்கும் 0.2 மில்லிமீட்டர் தள்ளிப் போனால், 50 அடியில் ஒரு சென்டிமீட்டர் போயிற்று. இரண்டு தையல் காணோம். ஸ்கேலைத் தூக்கித் தூக்கி வைத்து அளப்பதிலும் இதே கதைதான்.

அதனால் முதலில் அழுத்தாமல் ஒரு ஒத்திகை நடை நடக்கவிடுங்கள். முடிவில் என்ன மிச்சம் என்று பாருங்கள். உதாரணத்துக்கு, கோடு 187 மில்லிமீட்டர். ஐந்தால் போனால் 37 இடைவெளி, மிச்சம் 2 மில்லிமீட்டர். இந்த 2 மில்லிமீட்டரை என்ன செய்வது? கடைசித் தையலில் தள்ளினால் அது மட்டும் 7 மில்லிமீட்டர் ஆகிவிடும், பார்க்கிற எவர் கண்ணும் நேரே அங்கேதான் போகும். டிவைடரை 0.05 மில்லிமீட்டர் திறந்து 37க்கும் பங்கிடலாம் என்றால், அந்த அளவுக்குத் திருகத் திறமை எனக்கில்லை. கடைசிப் பத்து இடைவெளியை மட்டும் 5.2 ஆக வைத்தால் கணக்கு முடிந்தது. பத்தும் சேர்ந்து கொஞ்சம் தளர்ந்திருப்பதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

மூலை இருந்தால் மூலையிலிருந்து தொடங்குங்கள். மூலைப்புள்ளிகளை முதலில் குத்திவிட்டு, மிச்சத்தை இரண்டு மூலைக்கும் நடுவில் சரிக்கட்டுங்கள். வளைவில் நான்கு பல் கரண்டி உட்காராது, இரண்டு பல் போதும்.

மடித்துத் தைக்கும் வேலையாக இருந்தால், உள்மடிப்பின் தோலுக்குத் தூரம் குறைவு, வெளிமடிப்புக்கு அதிகம். இரண்டிலும் ஒரே இடைவெளி வைத்தால் துளை ஒன்றோடொன்று பொருந்தாது. எண்ணிக்கையை ஒன்றாக வைத்து, உள்பக்க இடைவெளியைக் குறுக்க வேண்டும்.

இடைவெளி எவ்வளவு?

நெருக்கமாகத் தைத்தால் உறுதி என்பது துணிக்குச் சரி. தடித்த தோலில் 3 மில்லிமீட்டருக்கு ஒரு துளை போட்டால், தபால் தலையின் ஓரம் மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழியும். சொரசொரப்பான 3 மில்லிமீட்டர் தோல் இரண்டு அடுக்கு என்றால் 5 மில்லிமீட்டர் இடைவெளி, 1 மில்லிமீட்டர் மெழுகு நூல். நெருக்கமான சின்னத் தையல் நாருக்குள் புதைந்து தெரியாமலே போய்விடும் என்பது இன்னொரு காரணம். வேர்வை படுகிற பொருளுக்கு பருத்தி நூல் வேண்டாம், பாலியஸ்டர் நிற்கும்.

எதிர்ப்பக்கம்

வழவழப்பான பக்கம் உள்ளே இருந்தால் அதில் குறிப்பது சுலபம், அங்கிருந்தே குத்திவிடலாம் என்று கை போகும். போகவிடாதீர்கள். குத்தூசி கொஞ்சம் சாய்ந்தாலும் 6 மில்லிமீட்டர் தடிப்பைக் கடந்து வெளியே வரும்போது ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி வந்திருக்கும், அதுவும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில். பார்க்கிற பக்கம் எதுவோ, குத்தூசி நுழைவதும் அந்தப் பக்கம்தான். அடியில் ரப்பர் கட்டையோ கார்க்கோ வைத்து, ஊசியை நிமிர்த்திப் பிடியுங்கள்.

தப்பாகக் குத்திவிட்டால் பதறாதீர்கள். குத்தூசி நாரை விலக்கத்தான் செய்யும், வெட்டி எடுப்பதில்லை. அந்த இடத்தை விரலால் ஈரப்படுத்தி, தேக்கரண்டியின் முதுகால் நான்கு பக்கத்திலிருந்தும் துளையை நோக்கித் தேய்த்தால் பெரும்பாலும் மூடிக்கொள்ளும், சொரசொரப்பு மிச்சத்தை மறைத்துவிடும். உருளைத் துளைக்கருவியால் போட்ட வட்டத் துளை மூடாது. அகலம் மிச்சமிருந்தால் ஓரத்தில் 3 மில்லிமீட்டர் சீவிவிட்டுப் புதிதாகக் குறிப்பதுதான் வழி. அக்கா மகனின் பட்டையை அப்படித்தான் பிரித்துச் சீவி மறுபடி தைத்தேன். இரண்டு ஓரத்திலும் 60 துளை.