லிமோன்செல்லோ டிராமிசு: எலுமிச்சையும் க்ரீமும் திரியாமல் சேர, படிப்படியான செய்முறை

பாலில் எலுமிச்சைச் சாறு விட்டால் திரியும் என்று பனீர் செய்யும் எல்லோருக்கும் தெரியும். அப்படியிருக்க, எலுமிச்சையும் மதுவும் சேர்ந்த இந்த இனிப்பு எப்படி இவ்வளவு வழவழப்பாக வருகிறது? புளிப்பு, மது, க்ரீம் மூன்றையும் தனித்தனியாகப் பக்குவப்படுத்திக் கடைசியில்தான் சேர்க்கிறோம். க்ரீமில் சேரும் புளிப்பு முழுவதும் முட்டையோடு வெந்து, லெமன் கர்ட் என்னும் கெட்டியான கூழாகிவிடும். மதுவில் பெரும்பகுதி பிஸ்கட் நனைக்கும் பாகுக்குப் போய்விடும். க்ரீமுக்குள் பச்சைச் சாறு ஒரு சொட்டுகூடப் போகாது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் முதல் தடவையே நன்றாக வரும்.

லிமோன்செல்லோ தெற்கு இத்தாலியின் மதுபானம். சொரெண்டோ, அமால்ஃபி, காப்ரி பகுதிகளில் எலுமிச்சைத் தோலைச் சாராயத்தில் ஊறவைத்து, வடித்துச் சர்க்கரைப் பாகு சேர்த்துச் செய்கிறார்கள். அதில் சாறு கிடையாது. மணம் முழுக்கத் தோலின் எண்ணெய்தான். அமால்ஃபி கடற்கரை மலைச்சரிவுகளில் கஷ்கொட்டை மரக் கம்பங்களால் பந்தல் கட்டி, குளிர்காலத்தில் மேலே மூடி வளர்க்கும் ‘ஸ்ஃபுசாதோ’ எலுமிச்சை நீளமாக, தடித்த தோலோடு இருக்கும். அங்கே ஈஸ்டரை ஒட்டிய வசந்த காலத்தில் புதுப் பழம் தாராளமாகக் கிடைக்கும். நனைத்த பிஸ்கட்டையும் க்ரீமையும் அடுக்கிச் செய்யும் டிராமிசு வடக்கே ட்ரெவீசோ நகரில் காபியோடு பிறந்தது; அதுதான் காபிக்குப் பதில் எலுமிச்சை ஏறி இந்த வடிவம் எடுத்திருக்கிறது. அடுப்பில் சுட வேண்டியதில்லை என்பதால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஏற்றது.

தேவையானவை (20 × 20 செ.மீ. அகலம், 6 செ.மீ. ஆழமுள்ள கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரத்துக்கு, 9 துண்டுகள்)

லெமன் கர்ட்டுக்கு:
- முழு முட்டை 2, மஞ்சள் கரு மட்டும் 2
- சர்க்கரை 120 கிராம்
- எலுமிச்சைச் சாறு 100 மி.லி.
- 2 பழத்தின் தோல் துருவல்
- உப்பில்லாத வெண்ணெய் 70 கிராம், சிறு துண்டுகளாக, குளிர்ந்தது
- உப்பு ஒரு சிட்டிகை

பாகுக்கு:
- தண்ணீர் 150 மி.லி., சர்க்கரை 60 கிராம்
- எலுமிச்சைத் தோல் 2 பட்டை
- லிமோன்செல்லோ 100 மி.லி.
- எலுமிச்சைச் சாறு 30 மி.லி.

க்ரீமுக்கு:
- மாஸ்கார்போன் சீஸ் 250 கிராம்
- 35 சதவீதக் கொழுப்புள்ள விப்பிங் க்ரீம் 300 மி.லி.
- ஐசிங் சுகர் 50 கிராம்
- லிமோன்செல்லோ 40 மி.லி.
- மேலே செய்த கர்ட்டில் பாதி

அடுக்க: சவோயார்டி எனப்படும் லேடி ஃபிங்கர் பிஸ்கட் 200 முதல் 250 கிராம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

இத்தாலியில் பயன்படுவது மஞ்சள் நிறப் பெரிய லெமன். நம் ஊர்க் கடையில் கிடைக்கும் உருண்டை எலுமிச்சை வேறு இனம். தோல் மெல்லிசு, புளிப்பு கூடுதல். பெரிய லெமன் 3 அல்லது 4 போதும். நாட்டு எலுமிச்சை என்றால் 7 அல்லது 8 வேண்டியிருக்கும். அதைப் பயன்படுத்தினால் கர்ட்டுக்கு 85 மி.லி. சாறும் 15 மி.லி. தண்ணீரும் எடுங்கள். மணம் கொஞ்சம் மாறும், ஆனாலும் நன்றாகவே இருக்கும். சூப்பர் மார்க்கெட்டில் பளபளக்கும் பழத்தில் பெரும்பாலும் மெழுகு பூசியிருப்பார்கள். வெந்நீரில் அலசி, துணியால் அழுத்தித் துடைத்துவிட்டுத் துருவுங்கள்.

க்ரீமில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 25 சதவீதக் கொழுப்புள்ள ஃப்ரெஷ் க்ரீமை எவ்வளவு நேரம் அடித்தாலும் நிற்காது. காற்றுக் குமிழியைப் பிடித்து நிறுத்தும் அளவுக்கு அதில் கொழுப்பு இல்லை. பாக்கெட்டில் 35 என்று இருக்கிறதா என்று பாருங்கள். கேக் சாமான் கடையில் விற்கும் தாவர எண்ணெய் விப்பிங் க்ரீம் எளிதாக நிற்கும். ஆனால் அதில் ஏற்கெனவே சர்க்கரை இருக்கும், பால் சுவை இருக்காது. வேறு வழியில்லாமல் அதை எடுத்தால் ஐசிங் சுகரை விட்டுவிடுங்கள்.

மாஸ்கார்போன் கிடைக்காவிட்டால் வீட்டில் செய்யலாம். 35 சதவீத க்ரீம் 500 மி.லி.யை மிதமான தீயில் 85 டிகிரிக்குச் சூடாக்கி, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு, அதே சூட்டில் 5 நிமிடம் மெதுவாகக் கிளறுங்கள். ஆறியதும் மெல்லிய துணி விரித்த சல்லடையில் ஊற்றி, 12 மணி நேரம் ஃப்ரிட்ஜில் வடிய விடுங்கள். க்ரீமில் கொழுப்பு அதிகம் என்பதால் பால்போலத் திரியாமல் கெட்டிப்படும்.

லிமோன்செல்லோ பாட்டில்களில் இரண்டு வகை உண்டு. நமக்கு வேண்டியது பால் கலக்காதது. அதில் மது பொதுவாக 25 முதல் 32 சதவீதம். பால் அல்லது க்ரீம் கலந்த ‘கிரேமா’ வகையைப் பாகில் ஊற்றினால் அங்குள்ள எலுமிச்சைச் சாறு பட்டுத் திரிந்துவிடும்.

1. தோலைத் துருவுவது

சாறு பிழியும் முன்பே துருவிவிடுங்கள். பிழிந்த பழத்தைத் துருவ முடியாது. மஞ்சள் தோல் மட்டும் வர வேண்டும். அடியில் உள்ள வெள்ளைப் பகுதி கசக்கும், அந்தக் கசப்பை எவ்வளவு சர்க்கரை போட்டாலும் மறைக்க முடியாது. ஒரே இடத்தில் இரண்டு தடவைக்கு மேல் தேய்க்காமல் பழத்தைத் திருப்பிக்கொண்டே இருங்கள். பாகுக்கான பட்டைகளைக் காய் சீவும் கத்தியால் மெல்லிசாகச் சீவிக்கொள்ளுங்கள்.

துருவலை 120 கிராம் சர்க்கரையில் போட்டு விரல் நுனியால் ஒரு நிமிடம் தேய்க்கவும். சர்க்கரை ஈரப்பட்டு, வெளிர் மஞ்சளாகி, மணம் எழும். தோலின் எண்ணெய் வெளியே வந்துவிட்டதற்கு அதுதான் அடையாளம்.

2. லெமன் கர்ட்

அலுமினியப் பாத்திரம் வேண்டாம். புளிப்பு பட்டால் உலோக வாடை கர்ட்டில் இறங்கும். எவர்சில்வர் அல்லது கண்ணாடிக் கிண்ணம் எடுங்கள். அகலமான பாத்திரத்தில் இரண்டு விரல் உயரத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, தீயைக் குறைத்து, தண்ணீர் தொடாதபடி கிண்ணத்தை மேலே வைக்க வேண்டும்.

முட்டை, மஞ்சள் கரு, மணமேற்றிய சர்க்கரை, உப்பு நான்கையும் அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே விஸ்க்கால் நன்றாகக் கலக்குங்கள். மஞ்சள் கருமேல் சர்க்கரையைக் கொட்டிவிட்டு வேறு வேலை பார்க்கப் போனால், சர்க்கரை அதன் ஈரத்தை இழுத்துச் சிறு சிறு கட்டிகளை உண்டாக்கிவிடும். அவை பிறகு கரையாது. இப்போது சாறு விட்டுக் கலந்து அடுப்பில் வையுங்கள்.

அடுத்த 8 முதல் 12 நிமிடம் கை நிற்கக் கூடாது. ஓரங்களையும் அடியையும் வழித்துக் கிளறுங்கள். முதலில் மேலே நுரை இருக்கும். சூடு ஏற ஏற நுரை அடங்கி, கலவை பளபளப்பாகி, விஸ்க் போன தடம் ஒரு கணம் அப்படியே நிற்கும். கரண்டியை முக்கி எடுத்து அதன் பின்புறத்தில் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோட்டின் இரு கரையும் வழிந்து மூடாமல் நின்றால் பதம் சரி. வெப்பமானி இருந்தால் 82 டிகிரி. முட்டை வழியாக வரும் சால்மொனெல்லா கிருமி இந்தச் சூட்டில் அழிந்துவிடும். டிராமிசுவில் பச்சை முட்டை வேண்டாம் என்பவர்களும் இதைத் தயங்காமல் சாப்பிடலாம்.

உடனே இறக்கி, வெண்ணெயை இரண்டிரண்டு துண்டாகப் போட்டுக் கரைத்து, சல்லடையில் வடித்துவிடுங்கள். துருவலும், அங்கங்கே வெந்துபோன முட்டைத் துணுக்கும் சல்லடையிலேயே தங்கிவிடும். க்ளிங் ஃபிலிமைக் கர்ட்டின் மேல் ஒட்டும்படி மூடுங்கள், இல்லையென்றால் ஆடை கட்டும். ஃப்ரிட்ஜில் குறைந்தது 2 மணி நேரம் வைக்கவும். சூடாக இருக்கும்போது நீர்க்கத் தெரிவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வெண்ணெய் இறுகியதும் கெட்டிப்படும்.

2 மணி நேரம் கழிந்தும் தண்ணீராகவே இருந்தால் 80 டிகிரியை எட்டவில்லை என்று அர்த்தம். திரும்பக் கொதிநீர்மேல் வைத்துக் கிளறி எடுக்கலாம். முட்டைப் பொரியல்போல் முழுக்கத் திரிந்துவிட்டால் மட்டும் காப்பாற்ற வழியில்லை. அதற்குக் காரணம், கிண்ணத்தின் அடி கொதிநீரில் பட்டிருக்கும் அல்லது கிளறுவது நின்றிருக்கும்.

3. பாகு

தண்ணீர், சர்க்கரை, தோல் பட்டையை ஒரு கொதி விட்டு, மூடி ஆற விடுங்கள். நன்றாக ஆறிய பிறகே லிமோன்செல்லோவும் சாறும் சேர்க்க வேண்டும். கொதிக்கும் பாகில் ஊற்றினால் மணம்தான் முதலில் ஆவியாகும். பட்டையை எடுத்துவிடுங்கள்.

4. க்ரீம்

அடிக்கும் கிண்ணத்தையும் பீட்டரையும் 15 நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள். சமையலறை வெக்கையாக இருந்தால் கிண்ணத்தை ஐஸ் தண்ணீர்மேல் வைத்து அடியுங்கள். சென்னை மதுரை வெயிலில் இது இல்லாமல் க்ரீம் நிற்பது கடினம்.

மாஸ்கார்போனை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து 10 நிமிடம் விட்டு, ஸ்பாட்டுலாவால் கட்டி இல்லாமல் மசியுங்கள். மிஷின் வேண்டாம். கர்ட்டில் பாதியையும் 40 மி.லி. லிமோன்செல்லோவையும் சேர்த்துக் கையாலேயே கலக்குங்கள். கர்ட் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். வெதுவெதுப்பாகச் சேர்த்தால் மாஸ்கார்போன் இளகி ஓடும்.

தனிக் கிண்ணத்தில் விப்பிங் க்ரீமையும் ஐசிங் சுகரையும் நடுத்தர வேகத்தில் அடியுங்கள். பீட்டரைத் தூக்கினால் முனை எழுந்து லேசாகத் தலை சாய வேண்டும். அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். விறைப்பாக நிற்கும்வரை அடித்தால், கலக்கும்போது இன்னும் இறுகி வெண்ணெய் திரளத் தொடங்கும். இந்த க்ரீமை மூன்று பாகமாக மாஸ்கார்போன் கலவையில் சேர்த்து, அடியிலிருந்து மேலாக மடித்து மடித்துக் கலக்கவும்.

கலவை மணல்மணலாகத் தெரிந்தால் கூடுதலாக அடித்துவிட்டீர்கள். அடிக்காத குளிர்ந்த க்ரீம் இரண்டு மேசைக்கரண்டி விட்டு ஸ்பாட்டுலாவால் மெதுவாக மடித்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். “புளிப்பு போதவில்லை” என்று தோன்றினால் சாறு பிழியாதீர்கள். இன்னும் ஒரு கரண்டி கர்ட் சேருங்கள். சாறோ கூடுதல் மதுவோ போனால் க்ரீம் தளர்ந்து, மறுநாள் பாத்திரத்தின் அடியில் நீர் தேங்கும்.

5. அடுக்குவது

ஆறிய பாகை அகலமான தட்டில் ஊற்றுங்கள். பிஸ்கட்டை ஒவ்வொன்றாகப் போட்டு, ஒரு பக்கம் ஒரு விநாடி, திருப்பி ஒரு விநாடி, உடனே எடுத்துவிடுங்கள். பிட்டுப் பார்த்தால் நடுவில் உலர்ந்த வெள்ளைக் கோடு தெரிய வேண்டும். மிச்ச ஈரத்தை அது ராத்திரி முழுக்கக் க்ரீமிலிருந்தும் பாகிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். கையில் தொங்கும் அளவுக்கு ஊறினால் மறுநாள் துண்டு போட முடியாது, கரண்டியால் அள்ள வேண்டியதுதான். பாகு சூடாக இருந்தால் ஒரு விநாடிகூட அதிகம்.

முதல் வரிசை பிஸ்கட், பாத்திர அளவுக்கு ஓரங்களை நறுக்கி, இடைவெளி இல்லாமல். மேலே க்ரீமில் பாதி. அதன்மேல் மீதிக் கர்ட்டில் பாதியைச் சிறு சிறு கரண்டியாக விட்டுப் பரப்புங்கள். மறுபடி பிஸ்கட், மீதிக் க்ரீம். கடைசிக் கர்ட்டைப் பரிமாறும்போது மேலே பூச எடுத்து வையுங்கள். இப்போதே பூசினால் மூடியில் ஒட்டிக்கொள்ளும்.

6. ஊறவிடுவது, பரிமாறுவது

மூடி, ஃப்ரிட்ஜில் குறைந்தது 6 மணி நேரம். ராத்திரி செய்து மறுநாள் மதியம் எடுப்பது இன்னும் நல்லது. ஒரு மணி நேரத்தில் வெட்டிப் பார்த்தால் மதுவின் காரம் தனியாகவும் க்ரீம் தனியாகவும் நாக்கில் தெரியும். அவசரப்படாதீர்கள்.

பரிமாறும் முன் கர்ட்டைப் பூசி, கொஞ்சம் தோல் துருவல் தூவுங்கள். நறுக்கிய ஸ்ட்ராபெர்ரி இதற்கு நல்ல துணை. கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து, ஒவ்வொரு வெட்டுக்கும் மறுபடி துடைத்தால் ஓரம் சுத்தமாக வரும். முதல் துண்டு எப்போதும் கொஞ்சம் உடையும்.

இதில் மது வேகாமல் அப்படியே இருக்கிறது. 30 சதவீத லிமோன்செல்லோ 140 மி.லி. என்றால், எல்லாப் பாகையும் பிஸ்கட் இழுத்துக்கொண்டால் ஒரு துண்டுக்குச் சுமார் 4.7 மி.லி. தூய ஆல்கஹால். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மதுவைத் தவிர்ப்பவர்களுக்கும் இது வேண்டாம். வண்டி ஓட்டப்போகிறவர்களுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். மது இல்லாமல் செய்ய, பாகில் தோல் பட்டையை ஆறாக்கி, 100 மி.லி. லிமோன்செல்லோவுக்குப் பதில் 80 மி.லி. தண்ணீரும் 20 கிராம் சர்க்கரையும் கூடுதலாகச் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். க்ரீமில் 40 மி.லி.யை அப்படியே விட்டுவிடலாம்.

மிச்சம் இருந்தால் மூடி 4 டிகிரி ஃப்ரிட்ஜில் 3 நாள் வரை வைக்கலாம். வெளியே எடுத்த துண்டை 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, கோடையில் அதற்கும் முன்பே உள்ளே வைத்துவிடுங்கள். ஃப்ரீசரில் வைத்தும் எடுக்கலாம், ஆனால் உருகும்போது கொஞ்சம் நீர் விடும். அந்தத் துண்டுகளை முழுக்க உருகவிடாமல், பாதி உறைந்த நிலையிலேயே ஐஸ்க்ரீமாகச் சாப்பிடுங்கள்.